நான்கு வினாடி

'விற்பனைக்கு' என்று எழுதியாயிற்று.
அதற்குக் கீழே எழுதுவது எளிது:
ஆயிரத்து அறுநூறு சிசி, நான்கு சிலிண்டர்,
நேரடி இன்ஜெக்ஷன், டர்போ,
நூற்றைம்பத்தாறு குதிரை.

லாபிஸில் அத்தனை குதிரைக்கு ஓட இடமில்லை.
வீட்டிலிருந்து மில் வாசல் மூன்று கிலோமீட்டர்.
அதிலும் பாதி
செம்பனைக் குலை லோரியின் பின்னால்.

முறுக்குவிசை இருநூற்று நாற்பது,
ஆயிரத்து நானூறு சுற்றிலேயே.
இந்த வரியில்தான் நான் விழுந்தேன்.
மெதுவாய்ப் போகும்போதே முழு பலம் என்றால்
எனக்கென்றே செய்த வண்டி அல்லவா?
உயர்ந்த கியரில், தாழ்ந்த சுற்றில்,
மேட்டில் அழுத்தி மிதித்தால்
பொறி பிறக்குமுன்பே ஒரு துளி தீப்பிடித்து
பிஸ்டன் தலையில் சுத்தியலாய் இறங்கும் என்பதை
எந்த வரியும் சொல்லவில்லை.
டக்.
ஒரே ஒரு தரம்.
லோரியிலிருந்து பழம் விழுந்ததோ என்று
கண்ணாடியில் பின்னால் பார்த்தேன்.

ஃபோர்மன் கிம் சூன் திறந்து காட்டினார்.
வால்வு தெரியவில்லை, கரிதான் தெரிந்தது.
பழைய எஞ்சினில் பெட்ரோல்
வால்வைக் கழுவிக்கொண்டே உள்ளே போகுமாம்.
இதில் நேரே சிலிண்டருக்குள் பாய்கிறது.
யாரும் கழுவாத வாசல்
கறுத்துக்கொண்டே வருகிறது.
அறுநூற்றைம்பது வெள்ளி.
சுரண்டிய கரியை
மைலோ டின்னில் போட்டுக் கையில் கொடுத்தார்,
பிரசவ வார்டில் குழந்தையைக் கொடுப்பதுபோல்.

பிறகு தண்ணீர்ப் பம்பு.
பிறகு தெர்மோஸ்டாட் கூடு, பிளாஸ்டிக்,
தேநீரில் நனைத்த பிஸ்கட்டாய் விரலில் வந்தது.
இக்னிஷன் காயில் இரண்டு, ஒரே வாரத்தில்.
நான் எடைப்பாலத்தில் வேலை பார்ப்பவள்.
உள்ளே வரும் பாரம், வெளியே போகும் பாரம்,
கழித்துப் பார்த்தே கை பழகிவிட்டது.
இந்த வண்டி எனக்குத் திருப்பித் தந்தது என்ன?

ஓர் இரவு.
நீராவியில் வெந்த கையோடு பாய்லர் ருஸ்லான்
பின் சீட்டில் முனகிக்கொண்டே கிடக்க,
சிகாமாட் ஆஸ்பத்திரி வரை
டர்போ ஒரே மூச்சாய் விசிலடித்தது.
லோரிகள் பின்னால் போயின.
டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை.
யாரோ அவசரத்தில் கையில் பூசிய பற்பசை
சீட்டில் இன்னும் வெள்ளையாய் இருக்கிறது.
அதை எந்தத் தட்டில் வைப்பது?

இனி, சங்கிலி.
எஞ்சின் இரவெல்லாம் ஆறிக் கிடந்து
காலையில் எழும்போது
எண்ணெய் மேலே ஏறும்வரை டென்ஷனருக்குப் பிடி இல்லை.
தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்கினாற்போல்
நான்கு வினாடி.
அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி முகம்.
சரிசெய்ய நாலாயிரம் வெள்ளி.
செய்யாமல் ஒரு பல் நழுவினால்
வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும்,
அதற்கு விலையே கிடையாது.

நான் வாங்கப் போனது மதியம்.
பானெட்டில் கை வைத்தேன், சுட்டது.
'இப்பத்தான் கடைக்குப் போய் வந்தேன்' என்றார் அவர்.
ஐஸ் தேநீர்கூட வாங்கித் தந்தார்.
நல்ல மனிதர் என்று அம்மாவிடம் சொன்னேன்.

சாஆவிலிருந்து அழைத்தவன் பெயர் தனேஸ்வரன்.
முதல் வேலை, மூன்றாவது சம்பளச் சீட்டு.
'டர்போ காடிதானே அக்கா?'
இரண்டு தரம் கேட்டான்.
சனிக்கிழமை இரண்டு மணிக்கு வருகிறானாம்.
'ஒரு மணிக்கு ஒரு ரவுண்டு ஓட்டிட்டு நிறுத்து'
என்கிறார் கிம் சூன்,
துணியில் விரல்களை ஒவ்வொன்றாய்த் துடைத்தபடி.
என் முகத்தைப் பார்க்கவில்லை.

'நல்ல நிலையில்' என்று எழுதி அழித்தேன்.
'ஒரே பெண் ஓட்டியது' என்று எழுதினேன்,
அதுவும் பொய், எனக்கு முன்னால் அவர் இருந்தார்.
பிறகு போனை எடுத்து அவனுக்கே எழுதினேன்:

இரண்டு மணி வேண்டாம் தம்பி.
காலையில் ஏழுக்கு வா.
சாவியை நீயே திருகு.